அத்தியாயம் 7: எந்தெந்தப் பட்டன் சேர்ந்து செத்தது?

ஜாய்ஸ்டிக் பெட்டி சரியாக ஓடவில்லை என்றதும் கை முதலில் ஸ்க்ரூ டிரைவரைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். மூடியைத் திறந்து, பட்டன் தகட்டில் ஒயரை மாட்டும் லக் நாலைப் பிடுங்கி மாட்டிவிட்டால் கோளாறு இடம் மாறிவிடும், அல்லது தற்காலிகமாக ஒளிந்துகொள்ளும். ஒளிந்துகொண்ட கோளாறைப் பிடிப்பது கண்ணில் தெரியும் கோளாறைப் பிடிப்பதைவிடப் பல மடங்கு கடினம். பெட்டி மூடியிருக்கும்போதே தன் நோயில் முக்கால்வாசியைச் சொல்லிவிடும். அதனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்தெந்தப் பட்டன் சேர்ந்து செத்திருக்கிறது, எவையெல்லாம் உயிரோடு இருக்கின்றன? இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போகப்போகிறோம்.

விண்டோஸ் கணினி என்றால் விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் கட்டத்தில் ‘ஜாய் டாட் சிபிஎல்’ என்பதை ஆங்கிலத்தில் அடித்தால், இணைத்திருக்கும் கன்ட்ரோலர்களின் பட்டியல் வரும். உங்கள் பெட்டியைத் தேர்ந்தெடுத்து பிராப்பர்ட்டீஸ் போனால், பட்டன்கள் வட்ட விளக்குகளாகவும் ஸ்டிக் ஒரு கட்டத்துக்குள் நகரும் சிலுவைக்குறியாகவும் தெரியும். லினக்ஸிலும் ராஸ்பெரி பையிலும் ஜேஎஸ்டெஸ்ட் என்ற சிறு நிரல் இதே வேலையைச் செய்யும். ஆட்டத்தைத் திறந்து அதற்குள் சோதிக்கவே கூடாது. எமுலேட்டர் தன் பங்குக்குப் பட்டன்களை மாற்றி வைத்திருக்கும். ஒயரில் இல்லாத கோளாறை ஒயரில் தேடி ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

ஒரு தாளில் பெட்டியின் முகப்பை வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பட்டனையும் பத்துப் பதினைந்து முறை அழுத்துங்கள். மெதுவாக, வேகமாக, ஓரத்தில், நடுவில். எது எடுக்கவே இல்லை, எது விட்டுவிட்டு எடுக்கிறது, எது அழுத்தாமலே எரிகிறது, எதை அழுத்தினால் இரண்டு விளக்கு எரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதிக் கோளாறுகள் இந்தத் தாளிலேயே பிடிபட்டுவிடும்.

கோளாறே இல்லாத இரண்டு விஷயங்களை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெட்டி எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலராக அடையாளம் காட்டிக்கொள்ளும்போது, விண்டோஸின் அந்தச் சோதனைப் பக்கத்தில் இடது, வலது டிரிக்கர் இரண்டும் ஒரே அச்சில் எதிரெதிராகக் காட்டப்படும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் குறி நடுவில் நின்றுவிடும். ஒயர் சரியாகத்தான் இருக்கிறது. அடுத்தது, பட்டன் அழுத்தலைக் கணினிக்குச் சொல்லும், ‘ஜீரோ டிலே’ என்ற பெயரில் விற்கும் மலிவு என்கோடர் போர்டுகள். அவற்றில் மோடு, டர்போ போன்ற கூடுதல் இணைப்புகள் உண்டு. மோடு மாறிப்போனால் ஸ்டிக்கின் அசைவு வேறு வகையாகக் கணினிக்குப் போகும். ஆட்டம் அதைக் கண்டுகொள்ளாது. டர்போ தெரியாமல் ஒட்டிக்கொண்டால், அழுத்திப் பிடித்த பட்டன் படபடவென்று விட்டுவிட்டு எரியும். அது லூஸ் காண்டாக்ட் போலவே தோன்றும், ஆனால் துடிப்பு சீராக இருக்கும். லூஸ் காண்டாக்ட் ஒருநாளும் சீராகத் துடிக்காது.

உள்ளே ஓடுவது என்ன

தொண்ணூறுகளில் வீடியோ கேம் கடையில் காயின் போட்டு ‘முஸ்தபா’ ஆடியவர்கள் பலர் இன்று தங்கள் பிள்ளைகளுக்காக இந்தப் பெட்டியைச் செய்கிறார்கள். கேப்காம் 1993-இல் வெளியிட்ட ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’தான் அது, அதில் வரும் முஸ்தபா என்ற ஆளின் பெயரே நம்மிடையே ஆட்டத்தின் பெயராக நிலைத்துவிட்டது. ஆர்கேட் பெட்டிகளுக்கென்று 1985-இல் ஜப்பானியக் கேளிக்கை இயந்திர உற்பத்தியாளர் சங்கம் ஒரு பொது ஒயரிங் முறையை வகுத்தது. ஜாம்மா என்று பெயர். 56 முனைகள் கொண்ட ஒரே இணைப்பானில் படம், ஒலி, மின்சாரம், பட்டன்கள் எல்லாம் அடங்கும். அதில் பட்டன்களுக்கான ஏற்பாடு மிக எளிது: ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனியாக ஒரு சிக்னல் ஒயர், எல்லாப் பட்டனுக்கும் பொதுவாகக் கிரவுண்டு. நீங்கள் பிளைவுட் பெட்டிக்குள் செய்திருப்பதும் அதேதான்.

போர்டு தன் ஒவ்வொரு சிக்னல் காலையும் ஒரு மின்தடை வழியாக மேலே பிடித்து வைத்திருக்கிறது. புல்-அப் என்பார்கள். ராஸ்பெரி பை பைகோவில் அது 3.3 வோல்ட், பரவலாகக் கிடைக்கும் புரோ மைக்ரோ போர்டுகளில் 5 வோல்ட். பட்டனை அழுத்தினால் சிக்னல் ஒயர் கிரவுண்டோடு சேர்ந்து பூஜ்யத்துக்கு இறங்குகிறது. இறங்கியதைப் பார்த்து, ‘அழுத்திவிட்டார்’ என்று போர்டு கணினிக்குச் சொல்கிறது.

சிக்னல் தனிச்சொத்து, கிரவுண்டு பொதுச்சொத்து. இதை மனதில் வைத்துக்கொண்டு தாளைப் பாருங்கள். ஒரே ஒரு பட்டன் செத்திருந்தால் அதன் தனிச்சொத்தில்தான் கோளாறு: அந்த ஸ்விட்ச், அதன் லக்குகள், சிக்னல் ஒயர், போர்டில் அதற்குரிய கால். பல பட்டன்கள் கூட்டாகச் செத்திருந்தால் பொதுச்சொத்து அறுந்திருக்கிறது. ஒரு பட்டன் அழுத்தாமலே எரிந்தால் அதன் சிக்னல் எங்கோ கிரவுண்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஒன்றை அழுத்த இரண்டு எரிந்தால் இரண்டு சிக்னல்கள் ஒன்றையொன்று தொடுகின்றன. போர்டின் காலில் ஈயம் பாலம் கட்டியிருப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

ஒரு பட்டன் மட்டும் செத்திருக்கும்போது ஒரு நிமிடத்தில் முடிகிற சோதனை இருக்கிறது. செத்த பட்டனின் சிக்னல் லக்கையும் பக்கத்தில் நன்றாக ஓடும் பட்டனின் சிக்னல் லக்கையும் இடம் மாற்றி மாட்டுங்கள். இப்போதும் அதே இடத்தில் இருக்கும் பட்டன் எடுக்கவில்லை என்றால் ஸ்விட்ச் அல்லது அதன் கிரவுண்டு லக் பழுது. சாவு பக்கத்துப் பட்டனுக்கு இடம் பெயர்ந்தால் ஒயர் அல்லது போர்டின் கால். ஸ்விட்சைக் கழற்றி வீசுவதற்கு முன் இதைச் செய்தால், நல்ல ஸ்விட்சுக்குப் பதில் இன்னொரு நல்ல ஸ்விட்ச் வாங்க டவுன் ஹால் ரோட்டுக்கு அலைய வேண்டாம்.

கிரவுண்டுச் சங்கிலி

வீட்டில் செய்த பெட்டிகளில் மிக அதிகமாக வரும் கோளாறு இதுதான், அதனால் இங்கே நின்று பார்ப்போம். மேலூரிலிருந்து ஒரு தம்பி போனில் கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம்.

“அண்ணே, ஸ்டிக் ஓடுது. மொத மூணு பட்டன் ஓடுது. நாலாவதுல இருந்து ஒண்ணுமே எடுக்கலண்ணே. போர்டு போயிருச்சா?”

“போர்டுக்கு ஒண்ணும் ஆயிருக்காதுப்பா. கிரவுண்டு எந்த வரிசையில போகுது?”

“போர்டுல இருந்து ஸ்டிக்கு, அப்புறம் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு எடுத்துருக்கேண்ணே.”

“அப்ப மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல பாரு. அங்கதான் அறுந்துருக்கும்.”

அவன் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். பெரியாறு கால்வாயில் நடுவில் அடைத்தால் மேல்மடை நனையும், கடைமடை காயும். பட்டனிலிருந்து பட்டனுக்குத் தாவிப்போகும் கிரவுண்டு ஒயரும் அப்படித்தான். அறுந்த இடத்துக்கு முன்னால் இருப்பவை எல்லாம் ஓடும், பின்னால் இருப்பவை எல்லாம் நின்றுவிடும். ஓடும் கடைசிப் பட்டனுக்கும் நிற்கும் முதல் பட்டனுக்கும் இடையில்தான் வெட்டு.

ஒரு நுணுக்கம் உண்டு. சங்கிலியில் ஒவ்வொரு லக்கிலும் இரண்டு ஒயர்கள் நசுக்கப்பட்டிருக்கும்: ஒன்று வருவது, ஒன்று போவது. லக் பட்டனின் தகட்டிலிருந்து நழுவினால் அந்த ஒரு பட்டன் மட்டும் சாகும். இரண்டு ஒயரும் லக்குக்குள் ஒன்றாகவே இருப்பதால் அடுத்தவை ஓடும். லக்குக்குள்ளிருந்து ‘போகும்’ ஒயர் உருவிக்கொண்டால்தான் வால் முழுக்கச் சாகும். ஆகவே நாலாவதிலிருந்து எல்லாமே நின்றிருந்தால் மூணாவது லக்கின் நசுக்கலைத்தான் முதலில் இழுத்துப் பார்க்க வேண்டும். செத்த பட்டன்கள் முகப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தாலும் குழம்ப வேண்டாம். சங்கிலி போன வரிசையும் பட்டன்கள் அமைந்த வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒயர் போன வழியைத் தாளில் கோடாக வரைந்து பாருங்கள், செத்தவை எல்லாம் கோட்டின் ஒரே பக்கம் வந்து நிற்கும்.

உறுதிப்படுத்த இரண்டு பக்கமும் முதலை கிளிப் வைத்த ஒரு துண்டு ஒயர் போதும். ஒரு முனையைப் போர்டின் கிரவுண்டிலும் மறு முனையை நாலாவது பட்டனின் கிரவுண்டுத் தகட்டிலும் மாட்டுங்கள். வால் முழுக்க உயிர் பெற்றால் சந்தேகம் தீர்ந்தது. வெட்டைச் சரிசெய்தபின், சங்கிலியின் கடைசிப் பட்டனிலிருந்து ஒரு ஒயரைத் திரும்பப் போர்டின் கிரவுண்டுக்கே கொண்டுவந்து இணைத்துவிடுங்கள். சங்கிலி வளையமாகிவிடும். அதன்பின் நடுவில் ஓர் இடம் அறுந்தாலும் இன்னொரு பக்கம் வழியாகக் கிரவுண்டு வந்து சேரும். ஒரு சாண் ஒயருக்கு இதைவிடப் பெரிய பலன் கிடையாது. நான் பார்க்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் இதைச் சொல்கிறேன்.

மீட்டரைப் பிடிக்கும் முறை

கடைகளில் கிடைக்கும் சாதாரண மஞ்சள் டிஜிட்டல் மல்டிமீட்டர் இந்த வேலைக்குத் தாராளம். பீப் ஒலி எழுப்பும் கன்டின்யூட்டி வசதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள், எல்லா மலிவு மாடல்களிலும் அது இருப்பதில்லை. பீப் சோதனை செய்யும்போது யூஎஸ்பி கேபிளைக் கட்டாயம் பிடுங்கிவிட வேண்டும். ஒரு முள்ளைப் பட்டனின் தகட்டில் வைக்காதீர்கள், லக்குக்குப் பின்னால் தெரியும் செம்பில் வையுங்கள். மறு முள்ளைப் போர்டின் காலில். ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஒயரை மெல்ல ஆட்டுங்கள். விட்டுவிட்டு ஒலித்தால் அந்த ஒயர்தான் குற்றவாளி.

இரண்டாவது சோதனை மின்சாரத்தோடு செய்வது. யூஎஸ்பியை மாட்டி, மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முள்ளை கிரவுண்டிலும் சிவப்பு முள்ளைச் சிக்னல் காலிலும் தொடுங்கள். அழுத்தாதபோது பைகோவில் 3.3 வோல்ட்டை ஒட்டியும், அழுத்தும்போது பூஜ்யமும் காட்ட வேண்டும். காலிலேயே அழுத்தியதும் பூஜ்யம் வந்து, அப்படியும் கணினியில் விளக்கு எரியவில்லை என்றால் உங்கள் ஒயரிங்கில் குறையே இல்லை. கோளாறு போர்டின் அமைப்பில். மாறாக, அழுத்தாதபோதே ஒன்று, ஒன்றரை வோல்ட் என்று இடைப்பட்டுத் தொங்கினால் எங்கோ மின்சாரம் கசிகிறது. அதைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

லக், ஒயர், ஈயம்

சான்வா வகைப் பட்டன்களின் தகடு 2.8 மில்லிமீட்டர் அகலம். உள்ளே தனி மைக்ரோ ஸ்விட்ச் மாட்டும் அமெரிக்கப் பாணிப் பட்டன்களில் 4.8 மில்லிமீட்டர் பரவலாக வரும். ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் ஹாரனுக்கும் ரிலேக்கும் தருகிற லக் 6.3. அதை 4.8 தகட்டில் மாட்டி, தொளதொளவென்று இருக்கிறதே என்று இடுக்கியால் நசுக்கி விடுகிறோம். அன்றைக்கு ஓடும். சித்திரை வெயிலில் உலோகம் விரிந்து, இரவில் சுருங்கி, ஒவ்வொரு அழுத்தலிலும் அதிர்ந்து, ஒரு மாதத்தில் நழுவிவிடும். சரியான அளவு கிடைக்கவில்லை என்றால் ஒயரைத் தகட்டிலேயே ஈயம் வைத்துப் பற்றவைப்பது மேல். ஆனால் சூடு இரண்டு மூன்று நொடிக்கு மேல் போகக் கூடாது. தகட்டைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் இளகினால் தகடு சாய்ந்து, உள்ளே காண்டாக்ட் ஒட்டாமல் போய்விடும்.

லக்கை நசுக்கும்போது பிளாஸ்டிக் உறை மட்டும் சிக்கி, செம்பு வெளியே நின்றுவிடுவது இன்னொரு வழக்கமான பிழை. கண்ணுக்கு எல்லாம் கச்சிதமாகத் தெரியும், மின்சாரம் மட்டும் போகாது. நசுக்கிய ஒவ்வொன்றையும் விரலால் பிடித்து ஒருமுறை நன்றாக இழுத்துப் பாருங்கள். வருவது இப்போதே வரட்டும்.

ஒயர் எப்போதும் பல இழைகள் கொண்டதாக இருக்க வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் 7/36 ஹுக்-அப் ஒயர் என்று கேளுங்கள். 7 இழை, ஒவ்வொன்றும் 36 கேஜ். வீட்டில் மிச்சமிருக்கும் லேன் கேபிளைப் பிரித்து எட்டு நிறத்தில் ஒயர் கிடைத்ததே என்று மகிழ்கிறவர்கள் பலர். அது பெரும்பாலும் ஒற்றைக் கம்பி. ஸ்டிக்கின் அதிர்வில், பற்றவைத்த இடத்தை ஒட்டி உறைக்குள்ளேயே ஒடிந்துவிடும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது.

பற்றவைத்த இடம் மங்கலாகவும் உருண்டையாகவும் நின்றால் அது டிரை சால்டர். ஈயத்தை அயர்ன் முனையில் உருக்கிக் கொண்டுவந்து அப்பினால் இப்படித்தான் ஆகும். முனையால் தகட்டையும் ஒயரையும் சேர்த்துச் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயம் தானே உருகி ஓட வேண்டும். 63/37 ஈயம் 183 டிகிரி செல்சியஸில் உருகும். 25 வாட் அயர்ன் இதற்குப் போதும்.

ஸ்டிக்

ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்தால் பெட்டிக்குள் அதன் தண்டு வலப்பக்கம் போகும். எனவே ‘இடது’ என்பதற்கான ஸ்விட்ச் வலப்பக்கம் இருப்பது. இதை மறந்து ஒயர் கொடுத்தால் எல்லாமே தலைகீழாக ஓடும். இரண்டு அச்சும் தலைகீழ் என்றால் ஸ்டிக்கை 180 டிகிரி திருப்பிப் பொருத்தினால் போதும். மேலே தள்ளினால் பக்கவாட்டில் போகிறது, பக்கவாட்டில் தள்ளினால் மேலும் கீழும் போகிறது என்று வரிசையாக ஒரு கால்வட்டம் தள்ளியிருந்தால் 90 டிகிரி திருப்புங்கள். ஓர் அச்சு மட்டும் தலைகீழ் என்றால் திருப்பிப் பயனில்லை, அந்த அச்சின் இரண்டு ஒயர்களை மாற்றித்தான் ஆக வேண்டும்.

சான்வா ஜேஎல்எஃப் வகை ஸ்டிக்குகளில் ஐந்து முனை இணைப்பான் ஒன்று இருக்கும். ஒரு ஓரத்து முனை கிரவுண்டு, மற்ற நான்கும் திசைகள். போர்டின் பக்கம் அது தலைமாறி மாட்டப்பட்டால் வரும் அறிகுறி மிக விசித்திரமானது. ஒரே ஒரு திசை மட்டும் தனியாக எடுக்கும், அதுவும் தவறான பெயரில். மற்றவற்றைத் தனியாகத் தள்ளினால் அசைவே இருக்காது. ஆனால் அந்த ஒரு திசையோடு குறுக்காகச் சேர்த்துத் தள்ளினால் உயிர் வரும். காரணம் இது: ஸ்டிக்கின் பொது முனை இப்போது போர்டின் கிரவுண்டில் இல்லை, ஏதோ ஒரு சிக்னல் காலில் உட்கார்ந்திருக்கிறது. கிரவுண்டு வர வேண்டுமானால் அந்த ஒரு திசையின் ஸ்விட்ச் மூடினால்தான் வழி. இந்த அறிகுறியைக் கண்டால் வேறெதையும் தேடாமல் இணைப்பானைத் திருப்பி மாட்டுங்கள். அது தலைமாறி மாட்ட முடியாத வகை என்றால் முனைகளின் வரிசையை மீட்டரால் பாருங்கள். மலிவு போர்டுகளோடு வரும் ஒயர்களின் நிறத்தை நம்ப வேண்டாம்.

மேலும் வலதும் தனித்தனியாக எடுத்து, மேல்-வலது மூலை மட்டும் எடுக்கவில்லை என்றால் ஒயரை விட்டுவிடுங்கள். ஸ்டிக்கின் அடியில் அசைவைக் கட்டுப்படுத்தும் கேட் 4 திசைக்கு அமைந்திருக்கும், அல்லது ஒரு ஸ்விட்சின் தகடு வளைந்திருக்கும். முஸ்தபா போன்ற ஆட்டங்களுக்கு 8 திசை வேண்டும்.

மூன்று முனை மைக்ரோ ஸ்விட்ச்

இந்த வகை ஸ்விட்சில் காம், என்ஓ, என்சி என்று மூன்று முனைகள். நமக்கு வேண்டியது காமும் என்ஓவும். என்சியில் மாட்டிவிட்டால் பட்டன் எப்போதும் எரியும், அழுத்தும்போது அணையும். பார்த்தவுடன் தெரியும், லக்கை மாற்றினால் தீரும்.

தானாக விழும் அழுத்தல்

ஆறு மாதம் ஒழுங்காக ஓடிய பெட்டி ஐப்பசி மழையில் பைத்தியம் பிடித்தாற்போல் நடந்துகொள்ளும். யாரும் தொடாமலே பட்டன் எரியும், வெயில் வந்தால் சரியாகிவிடும். இதன் காரணத்தைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு வேண்டும்.

பைகோவின் உள் புல்-அப் 50 முதல் 80 கிலோ ஓம் வரை. மிகப் பலவீனமான பிடி. அதனால் ஒரு நன்மை: ஸ்விட்சின் காண்டாக்ட் சற்று கறுத்து நூறு, இருநூறு ஓம் தடை காட்டினாலும் பட்டன் ஓடிவிடும். தீமையும் அதிலேயே இருக்கிறது. சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே சில பத்து கிலோ ஓம் அளவுக்கு ஈரக் கசிவு இருந்தாலே காலின் வோல்ட் இறங்கி, போர்டு ஏமாந்துவிடும். அந்தக் கசிவு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சால்டரிங் பேஸ்டிலிருந்து. டப்பாவில் விற்கும் சில பேஸ்டுகளில் அமிலத்தன்மை உண்டு. துடைக்காமல் விட்டால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு மெல்லிய கடத்தியாக மாறும், செம்பையும் பச்சையாக அரிக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல்துலக்கும் பிரஷால் போர்டின் கால்களுக்கிடையே தேய்த்துக் கழுவி, நன்றாக உலரவிடுங்கள். அதன் பிறகும் தொந்தரவு இருந்தால் அந்தச் சிக்னல் காலுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றைப் போடுங்கள். கசிவு மூன்று கிலோ ஓம் அளவுக்கு மோசமானால்தான் போர்டு இனி அதைத் தெளிவான அழுத்தலாக எண்ணும்.

நம் பக்கத்தில் எறும்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். மைக்ரோ ஸ்விட்சின் இடுக்கில் எறும்பு நுழைந்து காண்டாக்டுக்கு நடுவே நசுங்கினால் பட்டன் விட்டுவிட்டு எடுக்கும். ஒயர் வெளியேறும் துளையை அடைத்து வையுங்கள். ஸ்விட்சுக்குள் தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விடவே விடாதீர்கள். அன்றைக்கு மிருதுவாகும், பிறகு தூசியைப் பிடித்துப் பிசினாகிவிடும். காண்டாக்ட் கிளீனர் அடித்துச் சரியாகாத ஸ்விட்சை மாற்றுவதே சரி.

ஒரு அழுத்தலுக்கு இரண்டு அடி விழுவது வேறு விஷயம். ஸ்விட்சின் உலோக நாக்கு மூடும்போது சில மில்லி வினாடி துள்ளும். மென்பொருளில் டிபவுன்ஸ் நேரத்தை 5 மில்லி வினாடியாக வைத்தால் பெரும்பாலும் அடங்கும். அடங்காதது தேய்ந்த ஸ்விட்ச்.

பைகோ வைத்திருப்பவர்களுக்கு

2021-இல் பைகோ வந்தபின் ஜிபி2040-சிஇ என்ற இலவச மென்பொருளை ஏற்றிப் பெட்டி செய்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். இதில் வரும் தனிக் குழப்பம் எண்கள். போர்டின் ஓரத்தில் எண்ணும் கால் எண்ணும் மென்பொருள் சொல்லும் ஜிபி எண்ணும் வேறு வேறு. ஜிபி 2 என்பது 4ஆவது கால். ஜிபி 3 என்பது 5ஆவது கால். 3ஆவது கால் கிரவுண்டு. ‘ஜிபி 3’ என்பதை 3ஆவது கால் என்று எண்ணிப் பற்றவைத்த பட்டன் ஒருநாளும் எடுக்காது, ஏனென்றால் அதன் இரு முனையும் கிரவுண்டிலேயே இருக்கின்றன. ஒரு பட்டனை அழுத்தினால் பெட்டியே கணினியிலிருந்து துண்டித்துக்கொண்டு, விட்டதும் திரும்பி வந்தால் அந்த ஒயர் 30ஆவது காலைத் தொடுகிறது. அது ரீசெட் கால். 37ஆவது கால் கிரவுண்டைத் தொட்டால் போர்டுக்கான 3.3 வோல்ட்டே நின்றுவிடும். 40ஆவது கால் யூஎஸ்பியின் 5 வோல்ட். அது எந்தச் சிக்னல் காலையும் தொடக் கூடாது, பைகோவின் கால்கள் 3.3 வோல்ட்டுக்கு மட்டுமே உரியவை.

எல்லா ஒயரும் சரியாக இருந்து பட்டன்களின் பெயர் மட்டும் மாறியிருந்தால் ஈயத்தை உருக்க வேண்டியதில்லை. ஸ்டார்ட் பட்டனை அழுத்திக்கொண்டே யூஎஸ்பியை மாட்டி, பிரவுசரில் 192.168.7.1 என்று அடித்தால் அமைப்புப் பக்கம் திறக்கும். கால்களின் பெயரை அங்கேயே மாற்றிவிடலாம்.

விளக்குப் பட்டன்களில் மொத்தம் நான்கு முனைகள்: இரண்டு ஸ்விட்சுக்கு, இரண்டு எல்இடிக்கு. எல்இடியின் நெகட்டிவைத் தவறிச் சிக்னல் ஒயரில் கொடுத்தால் 5 வோல்ட் எல்இடி வழியாகக் காலுக்கு வந்து சேரும். பட்டன் ஒழுங்கற்று நடக்கும், கால் பழுதாகவும் கூடும். 12 வோல்ட்டுக்கான விளக்கை 5 வோல்ட்டில் போட்டால் மங்கலாக எரிவது இயல்பு.

கணினிக்குத் தெரியவே இல்லை

முதலில் கேபிளை மாற்றுங்கள். செல்போன் சார்ஜருடன் வரும் சில கேபிள்களில் மின்சாரத்துக்கான இரண்டு ஒயர்கள் மட்டுமே உண்டு; போர்டின் விளக்கு எரியும், கணினி கண்டுகொள்ளாது. ‘யூஎஸ்பி சாதனம் அடையாளம் தெரியவில்லை’ என்று கணினி புகார் செய்தால், கேபிளை நடுவில் வெட்டி ஒட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்டு, வெள்ளையும் பச்சையும் தகவல். வெள்ளையும் பச்சையும் மாறினால் இந்தப் புகார் வரும். மலிவு கேபிளில் நிறமும் மாறியிருக்கலாம், மீட்டரால் உறுதி செய்யுங்கள்.

மாட்டியவுடன் கணினியின் மற்ற யூஎஸ்பிகளும் நின்றாலோ ராஸ்பெரி பை அணைந்து எழுந்தாலோ உடனே பிடுங்குங்கள். 5 வோல்ட்டும் கிரவுண்டும் எங்கோ முட்டிக்கொள்கின்றன. பிடுங்கிய நிலையில் அந்த இரண்டுக்கும் இடையே மீட்டர் விடாமல் பீப் அடித்தால் உறுதி. எல்இடி ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள், எதைக் கழற்றும்போது ஒலி நிற்கிறதோ அங்கேதான்.

கை சுள்ளென்றால்

பட்டன் பிளாஸ்டிக், ஸ்டிக்கின் தலை பிளாஸ்டிக், பெட்டி மரம். அப்படியும் திருகாணியையோ ஸ்டிக்கின் தண்டையோ தொடும்போது சுள்ளென்று இழுத்தால் இரண்டு தவறுகள் சேர்ந்திருக்கின்றன. முதலாவது, பெட்டிக்குள் ஏதோ ஒரு கிரவுண்டு லக் உலோகத் தகட்டைத் தொடுகிறது. அதை விலக்கி, லக்குகளுக்கு உறை போடுங்கள்.

இரண்டாவது பெட்டிக்கு வெளியே இருக்கிறது, அதுதான் முக்கியம். மேசைக் கணினியின் பவர் சப்ளைக்குள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் அதன் உலோக உடலுக்கு ஆளுக்கொரு சிறு மின்தேக்கி உண்டு. எர்த் சரியாக இருந்தால் அவற்றின் வழியே வரும் கசிவு மண்ணுக்குப் போய்விடும். சுவர் சாக்கெட்டில் எர்த் இல்லை என்றால் கணினியின் உடல் 230 வோல்ட்டில் பாதியளவு, ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது, ஆனால் கை உணரும். யூஎஸ்பி கிரவுண்டு வழியாக உங்கள் பெட்டிக்கும் அது வந்து சேரும். டெஸ்டரைக் கணினியின் உடலில் வைத்தால் விளக்கு மங்கலாக எரிவதைக் காணலாம். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை ஒடித்து இரண்டு முள் சாக்கெட்டில் செருகியிருந்தாலும் இதே நிலைதான்.

இதை நீங்களாகச் சரிசெய்ய முற்படாதீர்கள், வயர்மேனைக் கூப்பிடுங்கள். அவர் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்து ‘சரியாயிருச்சு’ என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வெளியே நியூட்ரல் அறுந்த அன்று கணினியின் உடல் முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். மண்ணில் புதைத்த எர்த் குழியிலிருந்து தனி ஒயர் வர வேண்டும். அந்த வேலை முடியும்வரை, சார்ஜரைப் பிடுங்கிய லேப்டாப்பில், பேட்டரியில் மட்டும் பெட்டியை ஓட்டுங்கள்.